கோழிக்கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு பாய்மரப் படகு

எங்கள் பக்கத்து ஆண்கள் கடல் பார்க்காதவர்கள் இல்லை. தூத்துக்குடி, கொச்சி, மங்களூர், விசாகப்பட்டினம் என்று எல்லாத் துறைமுகத்துக்கும் லாரி ஓட்டிக்கொண்டு போவார்கள். லோடு இறக்கி, அடுத்த லோடுக்குக் காத்துக் கிடந்து, தார்ப்பாய் கட்டித் திரும்பி வருவார்கள். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், கேட் பாஸ் வாங்கவே பாதி நாள் போய்விட்டது என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் சித்தப்பா ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து, கோழிக்கொட்டாய்க்குப் பக்கத்தில் இறக்கினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது இது கிலோமீட்டருக்கு எவ்வளவு டீசல் குடிக்கும் என்பதைத்தான்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் எங்கள் தோட்டம். ஒரே தோட்டத்துக்குள் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று சித்தப்பாவும் சித்தியும் இருந்தது. அப்பா லாரி வைத்திருந்து, அதை விற்றுவிட்டு முட்டைக்கோழிப் பண்ணை போட்டவர். சித்தப்பா ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற வண்டியோடு ஆந்திரா, ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு, கடைசியில் ஆப்பிரிக்காவுக்கும் போய்ப் பல வருஷம் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம். வந்தால் பெட்டி நிறைய சாக்லேட்டோடு வருவார், தலைவாரி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் பாதி நாள் சித்தி வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். சித்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்கு நினைவில்லை. எப்போதும் சாமிதான்.

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில், ரிக் வண்டி கப்பலிலிருந்து இறங்குவதற்காகக் காத்திருந்த நாட்களில், சித்தப்பா அந்தப் படகுகளைப் பார்த்திருக்கிறார். ஆட்கள் அதிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள், சமைத்துத் தின்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், காற்று வந்தால் பாயை விரித்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது. எந்நேரமும் செல்போனில் படகு வீடியோதான். ரிக்கில் தன் பங்கைக் கூட்டாளிகளிடம் கொடுத்துவிட்டு வந்தவர், கொச்சியில் விலைக்கு நின்ற ஒரு படகைப் பார்த்ததும் வாங்கிவிட்டார். அப்பாவை விட வயதான படகு இல்லை என்றாலும், சித்தியை விடக் கொஞ்சம்தான் சின்னது.

“தண்ணியத் தேடித் தேடிப் பூமியத் தொளச்சது போதுமுங்ணா. இனி நான் தண்ணிக்கு மேல இருக்கோணும்” என்றார் அப்பாவிடம்.

கொச்சியிலேயே வைத்து ரிப்பேர் பார்க்காமல் இங்கே எதற்குக் கொண்டுவந்தார் என்று இப்போது யாராவது கேட்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள். உலகத்தில் எந்த வண்டி எங்கே கெட்டுப்போனாலும் நாமக்கல்லுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. வெல்டிங் இருக்கிறது, லேத் இருக்கிறது, பெயிண்ட் அடிக்க ஆள் இருக்கிறது, பாய் தைக்கத் தார்ப்பாய்க் கடை இருக்கிறது. கடல் ஒன்றுதான் இல்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படகின் அடியில் பெரிய இரும்புக் கட்டி ஒன்று மீன் துடுப்பைப் போலத் தொங்கியது. அதனால் நேராக நிற்கவைக்க முடியவில்லை. பொக்லைன் வைத்துக் குழி தோண்டி, இரும்புக் கட்டியைக் குழிக்குள் இறக்கி, படகின் வயிற்றுக்கு அடியில் மணல் மூட்டை அடுக்கினார்கள். அப்பா அந்தக் கட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். லாரிக்காரருக்குச் சும்மா சுமக்கிற எடையைக் கண்டால் ஆகாது. “இத அறுத்து எறிஞ்சா வண்டி லைட்டாயிருமில்ல?” என்றார். அதுதான் படகைக் கவிழாமல் பிடிக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிமிர்த்திவிடும் என்று சித்தப்பா விளக்கினார். அப்பா தலையை ஆட்டினாரே ஒழிய, நம்பினாரா என்று தெரியவில்லை.

ஆனால் அப்பாவின் சம்மதம் இல்லாமல் அந்தப் படகு எங்கேயும் போகமுடியாது. வந்த அன்றைக்கே பேச்சு முடிந்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா சொன்னார், “தம்பி, நான் பாக்கறேன். படகு நல்லா இருந்துச்சுன்னா நீ போ, தடுக்கல. ஒழுகற படகுன்னா, இருக்கறபடிக்கே வித்துப்போட்டுப் பண்ணையில எங்கூட நில்லு. அதுக்கு மேல பேச்சில்ல.” சித்தப்பா சரிங்ணா என்றார். சித்தி கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் படகு நல்ல படகாக இருக்கவேண்டும். கொச்சியில் தண்ணீரில் இறக்கியதும் முதல் சுற்று நீதான் என்று சித்தப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு அது ஓட்டைப் படகாக இருக்கவேண்டும், அப்போதுதான் கொழுந்தனார் ஊரில் இருப்பார். அப்பாவுக்கும் உள்ளுக்குள் அப்படித்தான். தம்பி கூட இருந்தால் போதும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அவரிடம் ஒரு குணம். விலை பேசும்போது எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வார், நல்ல வண்டியைக் கெட்ட வண்டி என்று மட்டும் அவர் வாயில் வராது.

பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வண்டியை விடிகாலையில், இன்ஜின் சூடாவதற்கு முன்னால் பார்க்கவேண்டும் என்பது அவர் சட்டம். படகையும் அப்படியே பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனர் பிடியால் வயிறு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், கொஞ்சம் மாறினால் நின்றுவிடுவார், காதை வைப்பார், மறுபடி தட்டுவார். பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகளை விரலால் தடவி, எங்கே பிசிறு இருக்கிறது என்று சொன்னார். காற்று இல்லாதபோது ஓட்டப் படகில் இருந்த சின்ன டீசல் இன்ஜினைத் திறந்து, ஆயிலை விரலில் தேய்த்து மோந்தார். மதியத்துக்குள் அது டகடகவென்று ஓடியது. ஓடாமல் இருந்தால் நல்லது என்று நினைத்த மனிதர், ஓடியதும் சிரித்துவிட்டார்.

பிறகு அவருடைய கடைசிக் கேள்வி வந்தது. எந்தப் பழைய வண்டியையும் அந்தக் கேள்வி கேட்காமல் அவர் முடிக்கமாட்டார்.

“எதுக்கு விக்கறாங்களாமா?”

“வெள்ளக்காரங்க, புருசனும் பொஞ்சாதியுமா ரொம்ப வருசம் இதுலயே இருந்துருக்கறாங்க. அந்தம்மாவுக்கு முட்டி போயிருச்சுங்களாமா. ஏறி எறங்க முடியல. தனியாப் போறதுக்கு அவருக்கு மனசு வல்லீன்னு வித்துப்போட்டாராமா” என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்கத் துணி தேடினார். எல்லோருக்கும் காபி கொண்டுவந்த சித்தி தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

சிக்கல் வயிற்றில் இருந்தது. தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதி முழுக்க அம்மை போட்டதுபோலக் கொப்புளங்கள். அப்பா ஒன்றை ஆணியால் குத்தியதும் அதிலிருந்து புளித்த வாடையோடு ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. ஃபைபருக்குள்ளே தண்ணீர் ஊறிவிட்டது, இது ஒழுகும் என்றார் அப்பா. அது மேல்தோலில் வருகிற நோய், பழைய படகுக்கெல்லாம் வரும், சுரண்டிக் காயவைத்துப் பூசினால் போதும், உள்ளே ஒரு சொட்டு இறங்காது என்றார் சித்தப்பா. கொச்சியில் யாரிடமோ போன் போட்டுக் கேட்டும் சொன்னார். போனில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு இது என்ன வானிலையா என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

தண்ணீரில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் தண்ணீர் எங்கே? அந்த வருஷமும் மழையில்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. எங்கள் ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பள்ளிபாளையத்தில் ஆற்றில் தேங்கின தண்ணீர் உண்டு. அங்கே கொண்டுபோய் இறக்கி, அது முழுகிவிட்டால், ஆற்றின் அந்தப் பக்கம் ஈரோட்டுக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள் என்று அப்பா மறுத்துவிட்டார். ஒழுகுமா ஒழுகாதா என்று அண்ணனும் தம்பியும் தினமும் அடித்துக்கொண்டார்கள். படகு வெயிலில் நின்றது.

எனக்கு அந்த நாட்கள்தான் கொண்டாட்டம். ஆண்கள் சாப்பிடப் போனதும் ஏணி வைத்து ஏறிவிடுவேன். உள்ளே ஒரு சின்ன வீடு. இரண்டு பக்கமும் படுக்கிற பலகை, நடுவில் மடக்கு மேசை, பாத்திரம் நழுவாமலிருக்கத் தடுப்பு வைத்த அடுப்பு, அதற்கு மேலே இரண்டு கொக்கிகளில் இரண்டு பீங்கான் கோப்பைகள். மூக்குப் பக்கம் கூம்பிய ஓர் அறை இருந்தது. நான் அங்கே படுத்துக்கொண்டு கப்பல் தலைவியாக இருப்பேன்.

ஒரு நாள் நான் அந்த அறையில் கிடக்கும்போது சித்தி உள்ளே வந்தார். நான் இருப்பது அவருக்குத் தெரியாது. முதலில் நடுவில் நின்று, கையை மேலே தூக்கிக் கூரை எட்டுகிறதா என்று பார்த்தார். அடுப்பின் மூடியைத் திறந்து மூடினார். ஒரு கோப்பையை எடுத்து முந்தானையால் துடைத்து, திரும்பக் கொக்கியில் மாட்டினார். பிறகு இடது பக்கப் பலகையில் காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வலது பக்கம் போய்ப் படுத்தார். பலகையின் அகலத்தைச் சாணால் அளந்தார். எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

சித்தி திடுக்கிட்டு எழுந்து, என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அவருக்கு வெட்கம் வந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எந்தப் பக்கம் படுத்தாக் காத்து வரும் சாமி?” என்று கேட்டார்.

கடலில் எல்லாப் பக்கமும் காற்றுத்தான் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அது சரிதான் என்று ஒத்துக்கொண்டவர், இறங்கும்போது, “நான் இங்க வந்தத யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு” என்றார். பட்டப்பகலில் வேலையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கிடந்தது அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்றுதான் சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். சத்தியம் செய்து கொடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தி வீட்டில் எனக்கும் சித்தப்பாவுக்கும் சோறு போட்டார். ரசம் ஊற்றும்போது, ஏதோ உப்பு போதுமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

“ஏனுங்க, அதுல எத்தன பேரு படுக்கலாமுங்க?”

“தாராளமா நாலு பேரு. நான் ஒருத்தன்தான, மிச்ச எடத்துல டீசலும் அரிசியும் வெச்சுக்கலாம்” என்றார் சித்தப்பா. எவ்வளவு அரிசி கொள்ளும் என்றும் சொன்னார். சித்தி கேட்டுக்கொண்டு, அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள் அண்ணனும் தம்பியும் படகுக்குக் கீழே நின்று வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தி அந்த யோசனையைச் சொன்னார். அப்பாவிடம் நேராகப் பேசமாட்டார், அம்மாவிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஏனுங்க்கா, புதுசாத் தொட்டி கட்டுனா ஒழுகுதான்னு எப்படிப் பாக்கறாங்க? உள்ளாற தண்ணி உட்டுத்தான பாக்கறாங்க? உள்ள இருந்து வெளிய வராத தண்ணி, வெளிய இருந்து உள்ள போயிருமா?”

அப்பா தொடையில் தட்டினார். எத்தனை டேங்கர் லாரி, எத்தனை சிமெண்ட் தொட்டி பார்த்திருக்கிறோம், இது தோன்றவில்லையே என்றார். படகுக்குள் தண்ணீர் விட்டுப் பார்ப்பது என்று உலகத்தில் வேறு யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் அது மிக நியாயமாகப் பட்டது. சித்தப்பா மட்டும் சித்தியை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், “உடுங்க. ஒரு சொட்டு வராது. அந்தச் செவப்புக் கோடு வரைக்கும் உட்டுப் பாத்துக்கலாம்” என்றார். படகு கடலில் மிதக்கும்போது தண்ணீர் எட்டுகிற மட்டம் அந்தச் சிவப்புக் கோடு.

“பாவம், ஒழுகித் தொலஞ்சா அவரு இங்கயே இருப்பாருன்னு அவளுக்கு ஆச” என்று அம்மா என்னிடம் சொன்னார். எனக்குச் சித்தி மேல் கோபமான கோபம். படகில் படுத்துச் சுகம் கண்டவர் இப்படிச் செய்கிறாரே என்று அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

மெத்தை, அடுப்பு, இன்ஜின் எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுத்தார்கள். கோப்பைகளைச் சித்தியே எடுத்துக்கொண்டு போனார். மணல் மூட்டைகளை இன்னும் நெருக்கி அடுக்கினார்கள். எங்கள் போரில் அப்போது தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. கோழிக்குப் போக மிச்சம் பிடித்து விட்டதில், சிவப்புக் கோடு மட்டம் வருவதற்கு நாட்கள் ஆயின. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலி ஓரம் நின்று பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத வருஷத்தில் படகுக்குள் தண்ணீர் விடுகிற குடும்பத்தைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒழுகவில்லை. ஒரு இரவு முழுக்க நின்றும் ஒரு சொட்டு வரவில்லை. காலையில் நான் எழுந்து ஓடியபோது சித்தி எனக்கு முன்னால் அங்கே இருந்தார். படகின் வயிற்றைச் சுற்றி, ஒரு சாண் இடம் விடாமல், உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் கையை விரித்துக் காட்டினார். காய்ந்த கை. மணல்தான் ஒட்டியிருந்தது.

“ஒழுகல சாமி” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. தோற்றுப்போனவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. கோபத்தை விட்டுவிட்டேன்.

அப்பா வந்தார், பார்த்தார், குனிந்து மணல் மூட்டைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தார். “நல்ல வண்டிடா தம்பி” என்றார். அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். தோட்டத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் பேச்சு அதிகம். சித்தி ராத்திரிக்குப் பச்சைப்பயறு பாயசம் வைக்கப் போவதாகச் சொன்னார். எனக்குத் தலை பின்னிவிடும்போது, “சோறு உண்டதுக்கு அப்பறம் உங்க சித்தப்பாகிட்ட ஒண்ணு கேக்கோணும்” என்று, என்னிடம் சொல்வதுபோலவும் தனக்குச் சொல்லிக்கொள்வதுபோலவும் சொன்னார். புடவை கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் போர் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. முதலில் சேறாக வந்து, பிறகு அதுவும் நின்றது. சித்திரை வெயில். தண்ணீர் இல்லாவிட்டால் கூண்டுக்கோழி சாயங்காலம் வரைகூடத் தாங்காது. அப்பா டேங்கருக்குப் போன் மேல் போன் போட்டார். எல்லாப் பண்ணையும் அதே டேங்கரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொட்டாய்க்குள் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கின. அவ்வளவு கோழியும் சத்தமே போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பயத்தில் அழுதேன்.

யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. சித்தப்பாதான் ஹோஸ் பைப்பை எடுத்துப் படகுக்குள் போட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, தண்ணீரைக் கொட்டாய்க்கு இறக்கினார். ராத்திரி வரைக்கும் எல்லோருமாகக் குடத்திலும் வாளியிலும் தூக்கினோம். சித்தி எல்லோரையும்விட அதிகம் தூக்கினார். கொஞ்சம் கோழி செத்தது, பண்ணை பிழைத்தது. பாயசம் வைக்கவில்லை. சாப்பிட்ட கையோடு எல்லோரும் தூங்கிப்போனோம்.

மறுநாள் டேங்கர் வந்தது. இனி அடிக்கடி வரமுடியாது, வந்தால் முழு லோடையும் ஒரே இடத்தில் இறக்கிக்கொள்ளவேண்டும், அதற்குத் தகுந்த தொட்டி வேண்டும் என்று டிரைவர் கறாராகச் சொன்னார். எங்களிடம் இருந்த தொட்டி பாதி லோடுகூடப் பிடிக்காது. அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒழுகாது என்று பார்த்து உறுதி செய்த பெரிய தொட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பா அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா வீட்டுக்குள் போய் டிரில்லிங் மிஷினை எடுத்து வந்தார். ஹோஸ் பத்தாது, இரண்டு இஞ்ச் பைப் மாட்டினால்தான் எல்லாக் கொட்டாய்க்கும் எட்டும். படகில் இருந்த பழைய வால்வுகள் உப்பில் இறுகிக் கிடந்தன. சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே, வயிற்றில், சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“வேண்டாம்டா, வேற வழி பாக்கலாம்” என்றார் அப்பா.

“இருக்கட்டுமுங்ணா. அவ தண்ணி உடச் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் போறதுல அவளுக்கு இஷ்டமில்லீன்னு. இத்தன வருசம் தனியாக் கெடந்தவ. நான் எங்கயும் போகல. அவ நிம்மதியா இருக்கட்டும்.”

சித்தி அப்போது குடத்தோடு எங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். அதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆயுசு முழுக்கப் பூமியைத் துளைத்த மனிதருக்கு ஃபைபரைத் துளைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வெள்ளைப் பொடி பறந்தது, வட்டத்துண்டு கழன்று விழுந்தது, அடியில் மிச்சமிருந்த தண்ணீர் சித்தப்பாவின் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

நீட்டிய கையைச் சித்தி முந்தானைக்கு இழுத்துக்கொண்டார்.

“கோழிக்குப் பத்துங்களா?” என்று கேட்டார்.

பத்தும் என்றார் சித்தப்பா. எனக்கு அழுகை முட்டியது. சித்தப்பா என் கன்னத்தைத் தட்டி, ஓட்டையை அடைப்பது அரை மணி நேர வேலை, மழை வந்ததும் அடைத்துவிடலாம் என்றார். நம்பினேன். மழை அடுத்த வருஷம் வந்தது. அதற்குள் உள்ளே இருந்த பலகையெல்லாம் ஊறி உப்பிக் கழன்றுவிட்டது. படகைச் சுற்றிச் சிமெண்டில் திண்டு கட்டிவிட்டார்கள். சித்தப்பா பண்ணையில் நின்றார், நன்றாகவே பார்த்துக்கொண்டார், படகு வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டார். உனக்காக அவர் எல்லாத்தையும் விட்டுப்போட்டாரு பார் என்று சொந்தக்காரப் பெண்கள் சித்தியிடம் சொல்லும்போதெல்லாம் சித்தி ஆமாங்க என்பார். அந்தக் கோப்பைகளில்தான் இருவரும் இன்றைக்கும் டீ குடிக்கிறார்கள்.

போன வருஷம் எனக்கும் என் கணவருக்கும் பெங்களூரில் வாடகைக்கு வீடு பார்த்தோம். அவர் நல்ல மனிதர், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார், சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். வீட்டுக்காரரோடு அவர் பேசிக்கொண்டிருக்கையில் நான் படுக்கையறைக்குப் போனேன். எதற்கென்று யோசிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வெறும் தரையில், ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்தேன். பிறகு எழுந்து, மறுபக்கம் தலை வைத்துப் படுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியே எழாமல் கிடந்தேன். கதவைத் திறந்த என் கணவர், என்ன ஆயிற்று, எதற்கு அழுகிறாய் என்று பதறிப்போனார்.

சித்தி அந்தப் படகை அன்றைக்கே என் கண் முன்னால், குடிபோகிற வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்து முடித்துவிட்டார். கூரை எட்டியது, அடுப்புப் பிடித்திருந்தது, இரண்டு பேருக்கு ஆளுக்கொரு பலகை போதும். நீச்சல் தெரியாதவர் என்பதால், ஒழுகாது என்று மட்டும் ஒரு தடவை தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். தெரிந்துகொண்டார். ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு கேட்கவேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது.